சுவரும் ஊரும்

புதிய ஊரில் குடியேறுகின்றவன் முதற்கண் மளிகைக் கடையைத் தேடுகின்றான். பின்னர் மருந்தகம், கோயில், பிள்ளைகளுக்குப் பள்ளி, பேருந்து நிற்கும் இடம் என்று அவனுடைய தேட்டம் விரிகின்றது. இந்த வரிசையில் அவ்வூர் ஓவியனைத் தேடுவது எவ்விடத்தில் வருகின்றது? பெரும்பாலோர்க்கு அது வருவதே இல்லை. ஒரு நகரத்தில் இருபது ஆண்டு வாழ்ந்து, அந்நகரத்தில் ஓவியம் தீட்டுகின்ற ஒருவருடைய பெயரையேனும் அறியாமல் ஓய்வுபெற்றுச் செல்கின்றவர் நம்மிடையே பலர். இதனைக் குறையென்று எவரும் அவர்மேல் சாற்றுவதில்லை. குறைதானா, அன்றா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

கலையைக் காண்பது வேறு. கலையை வாங்குவது வேறு. காண்பதற்கு எவரும் தடை சொல்லார். மாணவர்களைக் கலைக்கூடத்திற்கு அழைத்துச் செல்லும் ஆசிரியரை எல்லாரும் பாராட்டுவர். அதே ஆசிரியர் தம் ஊதியத்தில் 200 வெள்ளியை எடுத்துக் கொடுத்து ஓர் ஓவியத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தால், பாராட்டு நின்றுவிடுகின்றது, கேள்வி பிறக்கின்றது. இப்பணத்திற்கு வேறு நல்ல பயன் இல்லையா? இஃது ஆடம்பரம் அன்றோ? உடைமை ஆக்காமல் கண்டு மகிழக் கூடாதா? கேட்பவர் தீயவர் அல்லர். கேள்விகளும் தள்ளத்தக்கன அல்ல. அறம் பற்றிய வினாக்கள் பெரும்பாலும் பணப்பையைத் திறக்கும்போதுதான் எழுகின்றன என்பதை நினைவிற் கொள்வோம்.

பொதுப்பட எழுதுவதினும் ஓர் ஊரை வைத்துப் பேசுவது நன்று. நான் எடுத்துக்கொள்ளும் ஊர் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன். பேராக்கிலிருந்து மாற்றலாகி இங்கு வந்தவன் ஆதலின், புதியவனுடைய கண்ணோடு இவ்வூரைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. பிரான்சிஸ் லைட் 1786இல் துறைமுகமாக நிறுவிய இந்நகரம் வந்தேறிகளால் ஆன நகரம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், குவான் இன் கோயிலும், மகாமாரியம்மன் கோயிலும், செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தே கடந்துவிடக்கூடிய தொலைவுக்குள் நிற்கின்றன. இத்தகைய துறைமுகத்தைத் தமிழ் இலக்கியம் அறியாதது அன்று. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தில் வேற்று மொழி பேசும் பல நாட்டவர் கலந்து உறைகின்றனர். அவ்விடத்தே நெய்பவர், பொன் வேலை செய்பவர், மீன் விற்பவர் எனத் தொழிலாளரை எண்ணிக்கொண்டு செல்லும் இளங்கோவடிகள், ஓவியரையும் அதே வரிசையில் வைத்து எண்ணுகின்றார். கண்ணுள் வினைஞர் என்பது அவர்க்குப் பெயர். காண்பவர் கண்ணுக்குள்ளே தம் தொழிலைக் கொண்டு நிறுத்துபவர் என்பது போலப் பழைய உரைகாரர் அத்தொடர்க்குப் பொருள் விரிப்பர். எத்துணை அழகிய பெயர்! ஆயினும் என் கருத்தைக் கவர்ந்தது பெயரின் அழகு அன்று. அவர் நிற்கும் இடம். மீன் விற்பவர்க்கும் பொற்கொல்லர்க்கும் இடையே, கடைத்தெருவில், அன்றாடத் தேவைகளின் நடுவே ஓவியர் நிற்கின்றார். கலையைத் தனியே பிரித்து உயரத்தில் வைத்து, வைத்த பிறகு அங்கே ஏறிச் செல்லாமல் இருப்பது பிற்காலத்தார் வழக்கம்.

ஜார்ஜ்டவுனின் கண்ணுள் வினைஞர் யாவர்? நீர்வண்ண ஓவியத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் யோங் முன் சென் 1896இல் சரவாக்கின் கூச்சிங்கில் பிறந்தவர். பினாங்குக்கு வந்து புகைப்பட நிலையம் நடத்திப் பிழைத்துக்கொண்டே, மீனவர் குடில்களையும் தென்னங்கரைகளையும் தீட்டினார். அவர் காலத்தவரான அப்துல்லா அரிஃப் 1904இல் பிறந்தவர்; பள்ளி ஆசிரியராக ஓவியம் கற்பித்தவர். இருவரும் 1962ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். சுவா தியான் தெங் சீன நாட்டில் பிறந்து இளமையில் பினாங்கு சேர்ந்தவர். சையத் தாஜுதீன் 1943இல் தமிழகத்தின் இராமநாதபுரப் பகுதியில் பிறந்து, சிறுவனாகப் பினாங்குக்கு வந்து, ஓவியம் பயில மீண்டும் சென்னைக்குச் சென்று திரும்பியவர். இராமாயணத்தையும் மலாய்ப் பழங்கதைகளையும் ஒரே தூரிகையால் தீட்டியவர். அண்மைக் காலத்திற்கு வந்தால், 2012இல் ஆர்மீனியன் தெருச் சுவரொன்றில் மிதிவண்டியில் செல்லும் இரு குழந்தைகளைத் தீட்டி, இந்நகருக்கு உலகெங்கும் பெயர் வாங்கித் தந்த எர்னஸ்ட் சக்கரேவிச் லித்துவேனியா நாட்டவர்.

இப்பெயர்களை நோக்கும்போது ஓர் உண்மை புலப்படுகின்றது. உள்ளூர்க் கலை என்று நாம் சொல்கின்றோம்; அதனைப் படைத்தவர்களுள் பலர் அவ்வூரில் பிறந்தவர்கள் அல்லர். கூச்சிங்கிலிருந்து வந்தவனுக்குத்தான் பினாங்குத் தென்னை, வரைய வேண்டிய தென்னையாகத் தெரிந்திருக்கின்றது. ஆகவே உள்ளூர் என்பது பிறப்புச் சான்றிதழில் எழுதியிருப்பது அன்று. ஓர் ஊரை நெடிது நோக்கி, அந்நோக்கத்தை உழைப்பாக்கி, அவ்வூரிலேயே விட்டுச் செல்பவனே அவ்வூர்க் கலைஞன். வரைகின்றவனுக்கு இது பொருந்துமானால், வாங்குகின்றவனுக்கும் பொருந்தும் என்பது என் துணிபு. நேற்று வந்தவன் எனக்கு இவ்வூர்க் கலையில் என்ன உரிமை என்று ஒதுங்க வேண்டியதில்லை. எனக்கு என்ன பொறுப்பு என்று தப்பவும் முடியாது.

சுவா தியான் தெங்கின் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். போருக்குப் பின் அவர் பாத்தேக் சாரோங் செய்யும் தொழிலில் இறங்கினார். மலிவான இறக்குமதித் துணியின் முன் அத்தொழில் நிலைக்கவில்லை. தொழில் போயிற்று; சாயமும் மெழுகும் கைப்பழக்கமும் எஞ்சின. 1950களின் முற்பகுதியில் அவற்றைக்கொண்டே ஓவியம் செய்ய முற்பட்டார். பாத்தேக் முறையை அறிந்தவர்க்கு அதன் அருமை விளங்கும். சாந்திங் என்னும் சிறு செம்புக் கருவியில் உருகிய மெழுகை ஏந்தி, சாயம் ஏறக் கூடாத இடங்களைத் துணியில் மூட வேண்டும். பின்னர் வெளிர் நிறத்தில் தொடங்கி, காயவைத்து, மீண்டும் மெழுகிட்டு, அடுத்த அடர்நிறத்தில் தோய்க்க வேண்டும். தூரிகை ஓவியன் எங்கே வண்ணம் வேண்டுமோ அங்கே வைக்கின்றான். பாத்தேக் ஓவியனோ எங்கே வேண்டாவோ அதனை முன்னரே எண்ணி மூடுகின்றான். இறுதியில் கொதிநீரில் மெழுகு கரைந்தபின்தான் தான் செய்தது என்னவென்று அவனே காண்பான். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் புகுந்து நரம்பு போல ஓடியிருக்கும். அதனை எவரும் முழுமையாகத் திட்டமிட முடியாது. தாயும் சேயும், மீனவரும், கம்பத்துப் பெண்டிரும் அவ்வாறு அவர் கையில் உருப்பெற்றனர். 1968இல் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நல நிதியம் அவருடைய ஓவியம் ஒன்றை வாழ்த்து அட்டைக்காகத் தேர்ந்தெடுத்தது. அவர் 2008இல் காலமானார்.

இதற்கு இணையான ஒன்று தமிழகத்திலும் நிகழ்ந்தது. கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் 1966இல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தவர்கள், ஓவியம் விற்று நிலம் வாங்கவில்லை. பாத்தேக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அவ்வருவாயில் ஓவியம் தீட்டினர். பினாங்கில் ஒருவருக்குத் துணித்தொழில் வீழ்ந்து ஓவியம் பிறந்தது. சோழமண்டலத்தில் துணித்தொழில் ஓவியத்தைத் தாங்கிற்று. இரண்டிலும் நாம் காண்பது ஒன்றே. ஓவியன் உண்பதற்கு வேறு வழி தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. புகைப்பட நிலையமும் பள்ளி ஆசிரியப் பணியும் அவ்வகையினவே. அவர்களுடைய ஊரார் அவர்களைப் பட்டினி போட எண்ணினர் என்று நான் சொல்லவில்லை. ஊரார் அதைப் பற்றி எண்ணவே இல்லை என்பதுதான் செய்தி.

இனி, தடை கூறுவாருடைய வாதத்திற்கு வருவோம். என்னுடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர், கூர்மையான அறிவுடையவர், இவ்வாறு வாதிட்டார்: ‘பள்ளிக்குப் பேருந்துக் கட்டணம் இல்லாமல் வராத மாணவன் ஒருவன் நம் வகுப்பில் இருக்கும்வரை, சுவரில் மாட்டும் படத்திற்கு நாம் செலவிடும் ஒவ்வொரு வெள்ளியும் அவனிடமிருந்து எடுத்தது.’ இவ்வாதத்தை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். அந்த மாணவனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடாமல் ஓவியம் வாங்குபவனை எந்த அழகியலும் காப்பாற்றாது. ஆயினும் ஒன்றை நோக்குக. இந்த வாதம் புதிய நாற்காலித் தொகுதி வாங்கும்போது எழுவதில்லை. ஒரே மாலைப்பொழுதுக்காகத் திருமண மண்டபத்தில் ஆயிரக்கணக்கில் செலவிட்டு மேடை அலங்காரம் செய்யும்போது எழுவதில்லை. அங்கே நாம் மொய் எழுதிவிட்டு மகிழ்ச்சியோடு உண்கின்றோம். ஏழை மாணவன் ஓவியத்தின் வாயிலில் மட்டுமே வந்து நிற்கின்றான் என்றால், அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது அருள் அன்று. ஓவியத்தின்பால் நமக்கு உள்ள ஐயம். என் நண்பரிடம் இதனைச் சொன்னேன். திருமண அலங்காரத்தையும் தாம் எதிர்ப்பதாக அவர் விடையிறுத்தார். அவர் அளவில் அது நேர்மையான விடை. உண்மையிலேயே எளிய வாழ்வினர் அவர். அத்தகையோர்க்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆனால் அத்தகையோர் எத்துணைப் பேர்?

மார்க்கெட் தெருவில் பூக்கட்டுபவரைப் பாருங்கள். மல்லிகையும் மரிக்கொழுந்தும் சேர்த்து அவர் விரல்கள் நாரில் ஓடும் விரைவு தனிக்கலை. காலையில் வாங்கிய மாலை மாலைக்குள் வாடும் என்று அறிந்தே வாங்குகின்றோம். வாடுவதற்கு நாள்தோறும் காசு கொடுக்கத் தயங்காத நாம், முப்பது ஆண்டு வாடாமல் இருப்பதற்கு ஒருமுறை கொடுக்கத் தயங்குகின்றோம். மாலை இறைவனுக்கு, ஓவியம் நமக்கு என்று வேற்றுமை சொல்லலாம். சரியே. ஆனாலும் பயன் என்பதைக் காலத்தாலும் தேவையாலும் மட்டும் நாம் அளப்பதில்லை என்பதை அம்மாலையே காட்டிவிடுகின்றது.

அடுத்து நகைக்கடைக்குச் செல்வோம். நம்மவர் நன்கு அறிந்த இடம் அது. பொன்னின் விலை வேறு, செய்கூலி வேறு, சேதாரம் வேறு என்று பிரித்துப் பார்க்க நம் பாட்டியர் கற்றுத் தந்துள்ளனர். நகையைத் திருப்பி விற்றால் பொன்னுக்கு விலை உண்டு. செய்கூலி போனது போனதே. ஆகவே செய்கூலியைக் குறைக்கப் பேரம் பேசுகின்றோம். இந்தக் கணக்கைத்தான் நம்மவர் ஓவியனிடமும் அறியாமலே கொண்டு செல்கின்றனர். ஓவியத்தில் பொன் எங்கே? தாளும் சாயமும் சில வெள்ளிதான். மீதி முழுவதும் செய்கூலி! எனவே முழுவதுமே வீண் என்று கணக்குச் சொல்கின்றது. கணக்கில் பிழையில்லை, செய்கூலி என்பது இழப்பு என்னும் தொடக்க எண்ணத்தில்தான் பிழை. ஒரு மனிதனுடைய பார்வையும் பழகிய கையும் செலவிட்ட நாள்களும் இழப்பு என்றால், கவிதையும் இழப்பு. நாம் வகுப்பில் எடுக்கும் பாடமும் இழப்பு. ஆசிரியனுடைய ஊதியத்திலும் பொன் இல்லை. அதுவும் முழுக்கச் செய்கூலியே. இதை உணர்ந்த ஆசிரியன் ஓவியனிடம் பாதி விலைக்குக் கேட்க நாணுவான் என்று நம்புகின்றேன்.

விலையைப் பற்றிப் பேசிவிட்டோம். இதனினும் ஆழமான ஒன்று உண்டு. அது சுவரைப் பற்றியது.

நம் பெற்றோர் வாழ்ந்த தோட்டத்து லயங்களில் சுவர் வெறுமையாக இருந்ததில்லை. மளிகைக் கடையார் புத்தாண்டில் கொடுக்கும் நாட்காட்டியில் முருகனோ இலக்குமியோ இருப்பர். ஆண்டு முடிந்ததும் தேதித்தாளைக் கிழித்துவிட்டுப் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டுவர். அவற்றை இகழ்ந்து பேசுவது சில காலமாகப் படித்தவர்க்கு நாகரிகமாகிவிட்டது. நான் அதில் சேரமாட்டேன். அத்தகைய படங்களைத் தீட்டியவர்களுள் தலையாயவர் சி. கொண்டையராஜு. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதி, கோவில்பட்டியில் தங்கிவிட்டவர் அவர். அவரும் அவர்தம் மாணாக்கரும் தீட்டியவை சிவகாசி அச்சகங்களின் வாயிலாகத் தமிழர் வாழும் நாடுகளுக்கெல்லாம் சென்றன. பால்மரத் தோட்டத்து ஏழையின் வீட்டுக்கு ஓவியம் வந்தது அந்த வழியில்தான். அது கலையே, அன்பும் பணிவும் கலந்த கலை.

ஆயினும் அந்தச் சுவர் எத்திசை நோக்கியிருந்தது? கடலுக்கு அப்பால் நோக்கியிருந்தது. தெய்வம் அங்கிருந்து வந்தது. மலையும் ஆறும் மயிலும் அங்கிருந்து வந்தன. சன்னலுக்கு வெளியே நின்ற ரப்பர் மரத்திற்குச் சுவரில் இடம் இருந்ததில்லை. அவர்கள் திரும்பிச் செல்லும் எண்ணத்தோடு வந்தவர்கள். அவர்களுடைய சுவர் அவர்கள் உள்ளத்தின்படி நேர்மையாக இருந்தது. நாம் திரும்பிச் செல்லப் போவதில்லை. இந்நாட்டில் பிறந்தோம், வாக்களிக்கின்றோம், வீடு வாங்குகின்றோம். நம் வீட்டுச் சுவர்கள் மட்டும் இன்னும் கப்பலில் ஏறக் காத்திருப்பன போல உள்ளன. அல்லது, புதிய வழக்கப்படி, மரச்சாமான் கடையில் விற்கும் பாரிஸ் கோபுரப் படத்தோடு உள்ளன. அது நம் ஊரும் அன்று, நம் முன்னோர் ஊரும் அன்று. நாற்காலியின் நிறத்தோடு ஒத்துப்போகின்றது என்பதே அதன் தகுதி.

ஒருவன் தான் எங்கே வாழ்வதாக எண்ணுகின்றான் என்பதை அவன் சுவர் சொல்லிவிடும். வாழும் ஊரை உண்மையில் ஏற்றுக்கொண்டவன், அவ்வூரை உற்றுப் பார்த்த ஒருவருடைய கைவேலைக்குத் தன் வீட்டில் இடம் கொடுப்பான். அக்கை சீனருடையதாக இருக்கலாம், மலாய்க்காரருடையதாக இருக்கலாம். நம் அண்டை வீட்டார் இவ்வூரை எப்படிப் பார்க்கின்றார் என்பதை நாம் அறிய வேறு எத்துணை வழிகள் உள்ளன? அவர் விருந்தில் உண்கின்றோம், பெருநாளில் வாழ்த்துகின்றோம். அவர் கண்ணுக்குள் புகுந்து பார்ப்பது இதில்தான் இயலும். கடமை என்று நான் சொல்ல விழைவது இதனையே. அது சட்டக் கடமை அன்று, அண்டையர்க்குரிய கடமை.

குருத்துவாரா சாலையில் 1947இல் எழுந்த ஹின் பஸ் டிப்போ என்னும் பழைய பேருந்துப் பணிமனை, கூரை பாதி இழந்து கிடந்து, 2014 முதல் கலைக்கூடமாக இயங்கத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூடும் சந்தையில் இளைஞர்கள் தம் கைவேலைகளைப் பரப்பி வைத்திருப்பர். அங்கு ஒரு சீனப் பெண்ணிடம் ஓர் அச்சோவியம் வாங்கினேன். லினோலியப் பலகையில் செதுக்கி, மையிட்டு, கையால் அழுத்தி எடுத்தது. ஓரத்தில் கரிக்கோலால் 7/20 என்று எழுதியிருந்தாள். இருபது படிகள் மட்டும் எடுத்து, அவற்றுள் இஃது ஏழாவது என்பது அதன் பொருள். படத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. நண்பகலில் ஒரு கடை வீட்டின் ஐந்தடி, தூணின் நிழல், நிழலுக்குள் யாரும் அமராத ஒரு முக்காலி. நான் நாள்தோறும் கடந்து செல்லும் இடம்தான். ஆயினும் அந்த நிழல் அத்துணைக் கருமையாக இருப்பதையும், வெயில் அந்நிழலின் விளிம்பில் வெட்டப்பட்டது போல நிற்பதையும் நான் அதுவரை கண்டதில்லை. மூன்று வாரம் சென்று சென்று பார்த்து, நான்காம் வாரம் 180 வெள்ளி கொடுத்தேன்.

வீட்டில் என் தாயார் இருந்தார். பேராக்கில் முப்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் சீவியவர். படத்தைக் கையில் வாங்கி, விலையைக் கேட்டார், சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. எவ்வளவு அரிசி, எவ்வளவு மீன் என்று கணக்கிடுகின்றார் என்றே எண்ணினேன். பின்னர் அவர் கேட்டது: ‘இந்தப் பிள்ளைக்கு இதுலதான் சாப்பாடாப்பா?’

தத்துவ நூல்கள் சுற்றிச் சுற்றி வந்து தொடும் இடத்தை அக்கேள்வி நேரே தொட்டுவிட்டது. கலை தேவையா, ஆடம்பரமா என்று நாம் வாங்குபவன் பக்கம் நின்றே வாதிடுகின்றோம். உழைத்து உண்டவர்க்கோ செய்தவரின் வயிறுதான் முதலில் நினைவுக்கு வருகின்றது. அப்பெண் வார நாள்களில் விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை செய்வதாகச் சொல்லியிருந்தாள். அதை அவரிடம் தெரிவித்தேன். ‘அப்ப சரி’ என்றார். பிள்ளையார் படத்தின் அருகில் மாட்டலாமா என்று கேட்டதற்கு, சாமிக்குப் பக்கத்தில் வேண்டாம், சாப்பிடும் இடத்தில் மாட்டு என்று சொன்னார். அங்கேயே மாட்டினோம்.

இவ்வளவும் வாங்குதலுக்குச் சார்பாகச் சொன்னேன். எதிர்ப்பக்கத்தில் ஒன்று உள்ளது. அதனை மறைப்பது முறையன்று. 2008இல் ஜார்ஜ்டவுன், மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு முன்னரே, 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு முதல் பழைய கடை வீடுகளின் வாடகை சந்தை விலைக்கு விடப்பட்டிருந்தது. பல தலைமுறையாக இருந்த குடித்தனக்காரர் பலர் வெளியேறினர். அவர்கள் இருந்த இடங்களில் காப்பிக் கடைகளும் தங்கும் விடுதிகளும் வந்தன. அக்கடைகளின் சுவர்களில் பழைய தொழிலாளரின் ஓவியங்கள் வந்தன. கூடை முடைபவர் போய்விட்டார். கூடை முடைபவரின் படம் வந்துவிட்டது. மிதிவண்டிக் குழந்தைகளின் ஓவியம் பனியன்களிலும் காந்தப் பொம்மைகளிலும் ஏறி, அத்தெருவில் வரிசையில் நின்று படம் எடுப்போரின் கூட்டத்தை உண்டாக்கிற்று. அவ்வோவியம் நல்ல ஓவியம், அதன்மேல் குற்றமில்லை. ஆனால் ஒரு வாழ்வு மறையும்போது அதன் அழகிய படத்தை வாங்கிச் சுவரில் மாட்டுகின்றவன் எதனைச் செய்கின்றான்? அவ்வாழ்வைப் போற்றுகின்றானா? அல்லது அதன் மறைவுக்கு இனிமையாக உடன்படுகின்றானா?

என் சுவரில் உள்ள வெற்று முக்காலியைப் பார்க்கும்போதெல்லாம் இக்கேள்வி எனக்கு எழுவதுண்டு. அதில் அமர்ந்திருந்தவர் எங்கே சென்றார்? உணவு உண்ணச் சென்றாரா, வாடகை கொடுக்க இயலாமல் ஊரைவிட்டே சென்றாரா? வரைந்தவளிடம் ஒருமுறை கேட்டேன். தெரியாது என்றாள்; மறுவாரம் சென்றபோது முக்காலியும் அங்கில்லை என்றாள். இதற்குத் தீர்வு என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் கூறலாம். கூடை முடைபவரின் படத்தை வாங்குவதற்கு முன், அவர் இன்னும் இருந்தால், அவரிடம் ஒரு கூடை வாங்குவதே முறை. படமும் வாங்கலாம், கூடை முதலில். இனிய படங்களே நிறைந்த சுவரை நான் ஐயுறுகின்றேன். நல்ல ஓவியம் ஊரைப் பற்றி நாம் கொண்டுவந்த எண்ணத்தை அப்படியே திருப்பித் தருவதில்லை. அதில் ஏதேனும் ஒரு மூலையில் நமக்கு இடறும். இடறாததைக் கண்டு மகிழ்ந்துவிட்டுப் போகலாம். காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஆசிரியப் பெருமக்கள் சிலர் நடைமுறை பற்றிக் கேட்பதுண்டு, சுருங்கச் சொல்கின்றேன். முதல் வாரமே வாங்க வேண்டா. பாத்தேக் என்று சொல்லப்படும் துணியைத் திருப்பிப் பாருங்கள். கையால் மெழுகிட்டுத் தோய்த்ததில் சாயம் இருபுறமும் ஊடுருவியிருக்கும், அச்சிட்டதில் பின்புறம் வெளிறியிருக்கும். எண்ணிட்ட அச்சோவியங்கள் ஆசிரியர் ஊதியத்திற்கு எட்டக்கூடியவை. ஓவியனிடம் அவன் எப்படிச் செய்தான் என்று கேளுங்கள், விலையைக் கேட்பதற்கு முன்பே. பெரும்பாலோர் மகிழ்ந்து விளக்குவர். இதையே பெரிதாக, நாற்காலிக்கு ஏற்ற நிறத்தில் தீட்டித் தரமுடியுமா என்று மட்டும் கேளாதிருப்போமாக. வீட்டுக்குக் கொண்டுவந்தபின் மேற்கு வெயில் படும் சுவரைத் தவிர்க்க வேண்டும். நம் நாட்டு ஈரக்காற்றில் தாள் பூஞ்சை பிடிக்கும், ஆகவே கண்ணாடியோடு ஒட்டாமல் சட்டமிடச் சொல்ல வேண்டும்.

வகுப்பில் ஒருமுறை மாணவர்களிடம் ஓவியர் பெயர்களைக் கேட்டேன். ரவிவர்மா, பிக்காசோ, டாவின்சி என்றனர். நம் தீவில் வாழ்ந்தவர் ஒருவர் பெயர் சொல்லுங்கள் என்றேன், அமைதி. பின்வரிசையில் ஒருத்தி, ‘ஐயா, எங்க அம்மா கோலம் போடுவாங்க, அது கணக்கா?’ என்று கேட்டாள். கணக்குத்தான் என்றேன். அடுத்த வாரம் அவள் அம்மாவின் கோலங்களை ஒரு பயிற்சி ஏட்டில் வரைந்து கொண்டுவந்தாள். ஏழு பக்கம். சீன மாணவி ஒருத்தி அதில் ஒன்றைத் தனக்கு விலைக்குத் தருவாயா என்று கேட்டு, இருவரும் இரண்டு வெள்ளிக்குப் பேசி முடித்தனர்.

ஆசிரியத் தொழிலில் மாற்றல் ஆணை எப்பொழுதும் வரலாம். வந்தால் கட்டிலையும் அலமாரியையும் அடுத்துக் குடிவருபவரிடம் விற்றுவிடுவது வழக்கம். முக்காலிப் படத்தை விற்கமாட்டேன், எடுத்துச் செல்வேன். வேறோர் ஊரின் சுவரில் அது பினாங்கைப் பற்றிய ஏக்கமாக மாறிவிடும் என்பதையும் அறிவேன். தோட்டத்து வீட்டு முருகன் படம் போல, அதுவும் விட்டுவந்த இடத்தையே நோக்கிக்கொண்டிருக்கும். ஆதலால் அங்கே சென்றதும், அலோர் ஸ்டாரோ சிரம்பானோ எதுவாயினும், மளிகைக் கடையை விசாரித்த கையோடு இங்கே யார் படம் வரைகின்றார் என்றும் விசாரிக்க வேண்டும். வீட்டுக்காரர் சுவரில் இன்னோர் ஆணி அடிக்க இசைவாரா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.